வரைபடக் கட்டத்திலேயே நிதி வர வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எளிய வருவாய்க் குடும்பங்களுக்கான வீடுகள் மின்செலவும் கரிம உமிழ்வும் குறைந்தவையாக இருக்க வேண்டும் என்பதில் இன்று மாற்றுக் கருத்து இல்லை. அதற்கான மானியம், பசுமைக் கடன், சான்றிதழ் பற்றிய செய்திகளும் அடிக்கடி வருகின்றன. ஆனால் அந்தப் பணம் எந்தக் கட்டத்தில் வருகிறது, எதன்மேல் செலவாகிறது என்ற பேச்சு மட்டும் எழுவதில்லை. ஒரு வீடு கோடையில் அடுப்பாகுமா, இருக்கத் தகுந்ததாக இருக்குமா என்பது அஸ்திவாரம் தோண்டும் முன்பே முடிவாகிவிடுகிறது. பணமோ அஸ்திவாரம் போட்ட பிறகுதான் வரத் தொடங்குகிறது. கட்டட வடிவமைப்பிலும் வீட்டுவசதி நிதியிலும் வேலை பார்ப்பவர்கள் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

வழக்கமான நடைமுறையில் அஸ்திவாரம் முடிந்ததும் ஒரு தவணை, லிண்டல் மட்டத்தில் ஒன்று, கூரைத் தளம் போட்டதும் ஒன்று, பூச்சும் தரையும் முடிந்ததும் கடைசித் தவணை. செங்கலும் கம்பியும் கண்ணுக்குத் தெரிவதால் அவற்றுக்கு அளவெடுத்துப் பணம் தருவது எளிது. வரைபடத்துக்கு அப்படி அளவெடுக்க முடியாது. அதனால் வடிவமைப்புக்கு ஒதுக்கப்படுவது மிகக் குறைவு. பழைய வரைபடத்தையே மண்ணும் திசையும் வேறான இன்னொரு மனையில் அப்படியே இறக்குகிறார்கள். பிறகு 'பசுமை' என்று சொல்லிக் காட்ட ஏதாவது வேண்டுமே என்று எஸ்டிமேட்டின் கடைசியில் சில உருப்படிகளைச் சேர்க்கிறார்கள். செலவு வரம்பைத் தாண்டியதும் முதலில் வெட்டப்படுவதும் அந்தக் கடைசி வரிகள்தாம்.

செலவே இல்லாமல், அல்லது மிகக் குறைந்த செலவில் எடுக்கக்கூடிய முடிவுகள் நான்கு. கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் காற்று ஒரு சுவரில் நுழைந்து மறுசுவரில் வெளியேற வழி வேண்டும். கூரைத் தளத்தின் மேல் எந்த அடுக்கு எந்த வரிசையில் வரும் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். தூண்களுக்கு இடையிலான தூரம் தேவைக்கு மேல் போகக் கூடாது. டெண்டர் விடும் முன் இந்த நான்கையும் முடிவு செய்தால் கூடுதல் செலவு சொற்பம். டெண்டர் விட்ட பிறகு முதலிரண்டை எவ்வளவு பணம் கொடுத்தாலும் மாற்ற முடியாது.

இதற்குத் தேவைப்படுவது கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், மின்பொறியாளர், மதிப்பீட்டாளர் ஆகியோர் ஒரே மேசையில் சில நாள் உட்கார்ந்து இரண்டு மூன்று மாற்று வடிவங்களைக் கணினியில் வெப்பக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. குஜராத்தின் ராஜ்கோட்டில் 1,176 வீடுகள் கொண்ட ஸ்மார்ட் கர் 3 குடியிருப்பு இந்திய-சுவிஸ் கட்டட எரிசக்தித் திட்டத்தின் துணையோடு இப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. சன்னல் எவ்வளவு திறக்க வேண்டும், வீடுகளுக்கு நடுவே குழாய்கள் இறங்கும் இடைவெளியைக் காற்று வெளியேறும் வழியாகவும் பயன்படுத்த முடியுமா என்பது போன்ற கேள்விகளுக்கு அங்கே கட்டுமானத்துக்கு முன்பே விடை தேடினார்கள். வேலை தொடங்கியபின் இதே கேள்விகளைக் கேட்டால் ஒப்பந்ததாரர் கூடுதல் பில்தான் நீட்டுவார்.

ஆகவே நிதி நிறுவனங்களிடம் முதலில் கேட்க வேண்டியது முன்தயாரிப்பு நிதி. இதை முழு மானியமாகக் கொடுக்க வேண்டியதில்லை. கட்டுமானக் கடன் கையெழுத்தாகும் நாளில் அந்தக் கடனிலிருந்தே திருப்பிச் செலுத்தும் நிபந்தனையோடு கொடுக்கலாம். திட்டம் நின்றுபோனால் மட்டும் அது மானியமாகக் கழியும். பத்துத் திட்டங்களுக்குக் கொடுத்து ஏழு கட்டுமானத்துக்குப் போனால் ஏழு பங்குப் பணம் திரும்பி வந்து அடுத்த ஏழு திட்டங்களுக்குச் சுழலும். மனையின் மண் பரிசோதனை, நில அளவை, வெப்பக் கணக்கு, இரண்டு மாற்று எஸ்டிமேட் ஆகிய அனைத்தும் இதில் அடங்க வேண்டும். இரண்டாவது எஸ்டிமேட்டை வீண் செலவு என்று நீக்கிவிடுவார்கள். அதை விட்டுவிடக் கூடாது. வழக்கமான முறையில் கட்டினால் எவ்வளவு, மாற்று முறையில் எவ்வளவு என்று ஒரே விலைப்பட்டியலில் போட்டுக் காட்டாத விண்ணப்பத்தில் 'கூடுதல் செலவு' என்ற எண்ணுக்கு அடிப்படையே இருக்காது.

இனி, பணம் எதன்மேல் போக வேண்டும் என்பதற்கு வருவோம். வெப்பப் பகுதிகளில் முதலிடம் கூரைக்கு.

நான்கு அங்குல வெறும் கான்கிரீட் தளத்தின் வெப்பக் கடத்தல் மதிப்பு சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வேறுபாட்டுக்கு, சுமார் 3.6 வாட். உச்சி வெயிலில் கருத்த கான்கிரீட் பரப்பு வாங்கும் சூட்டையும் சேர்த்தால் ஒரு சதுர மீட்டர் வழியே 100 வாட்டுக்கு மேல் உள்ளே இறங்கும். 40 சதுர மீட்டர் வீட்டுக்கு 4 கிலோவாட் என்று வையுங்கள். நான்கைந்து சலவைப் பெட்டிகளைச் சூடாக்கிக் கூரைமேல் கவிழ்த்தது போல. தளம் கனமானதால் அந்தச் சூடு உடனே தெரிவதில்லை. சில மணி நேரம் கழித்து, வீட்டார் வேலையிலிருந்து திரும்பிப் படுக்கும் நேரத்தில் கூரையின் அடிப்பரப்பிலிருந்து கதிராக இறங்குகிறது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி வீசும்.

அதே தளத்தின் மேல் 50 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். வெப்பத்தடுப்புப் பலகை போட்டால் 3.6 என்பது சுமார் 0.6 ஆகிவிடும். இந்தியாவின் குடியிருப்புக் கட்டட எரிசக்தி விதியான 2018-ஆம் ஆண்டு எக்கோ நிவாஸ் சம்ஹிதா கூரைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 1.2. பலகைக்கு வழியில்லாத பழைய வீட்டில் வெண்ணிறப் பூச்சு மட்டுமே அடித்தாலும் பலன் பெரிது. பழைய கான்கிரீட் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பியனுப்பும். புதிய வெண்பூச்சு முக்கால் பங்கு வரை திருப்பியனுப்பும். ஆனால் அந்த முக்கால் பங்கு புதிதாக இருக்கும்வரைதான். தூசும் பாசியும் படிந்ததும் மதிப்பு விழுந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கழுவவும், சில ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் பூசவும் யாருடைய பொறுப்பு, யாருடைய பணம் என்று எழுதாத திட்டத்தில் வெண்கூரை இரண்டாம் கோடையிலேயே சாம்பல் கூரையாகிவிடும்.

வெப்பத்தடுப்பு அடுக்கில் நடக்கும் தவறுகளைத் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் மானியம் கொடுத்து ஒழுகும் கூரையை வாங்கிய திட்டங்களால்தான் இந்த முறைக்கே கெட்ட பெயர். சரியான வரிசை இதுதான்: வாட்டம் கொடுத்த கான்கிரீட் தளம், அதன்மேல் நீர்த்தடுப்புப் படலம், 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதனை, பிறகு ஒன்றோடொன்று நெருங்க, மூட்டுகள் நேர்கோட்டில் வராமல் பலகைகள், மேலே துணி விரிப்பு, அதன்மேல் வலைக்கம்பி போட்ட மெல்லிய கான்கிரீட், கடைசியில் வெளிர்நிற ஓடு. மெல்லிய கான்கிரீட்டை மூன்று மீட்டருக்கு ஒரு இடைவெளி விட்டுப் பிரிக்காவிட்டால் முதல் கோடையிலேயே விரிசல் விழும். விலை குறைவு என்று எக்ஸ்.பி.எஸ். பலகைக்குப் பதில் சாதாரண தெர்மாகோலை நீர்த்தடுப்பின் மேல் போட்டால் அது தண்ணீர் குடித்துக் கனத்து, தடுக்கும் தன்மையை இழக்கும். அடுக்குகளால் தளம் 12 சென்டிமீட்டர் வரை உயரும் என்பதைக் கணக்கில் வைக்காமல் மழைநீர் வடிகுழாயின் வாயைப் பழைய மட்டத்திலேயே விட்டால் தண்ணீர் அடுக்குக்குள் தேங்கும். எல்லாம் முடிந்த பின் சூரியத் தகடு பொருத்த வருபவர் நீர்த்தடுப்பைத் துளைத்துப் போல்ட் இறக்குவார். தகட்டின் கால்களுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் கான்கிரீட் மேடைகளைத் தளம் போடும்போதே எழுப்பிவிட வேண்டும். அதற்கு மின்பொறியாளர் முதல் கூட்டத்திலேயே இருந்தாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தடுப்பு போட்ட வீட்டில் இரவுக் காற்றோட்டம் இல்லையென்றால் சமையலும் மனிதர்களும் சேர்த்த சூடு உள்ளேயே தங்கும். கூரைத் தடுப்பும் இரவில் பாதுகாப்பாகத் திறந்து வைக்கக்கூடிய சன்னலும் ஒன்றாகத்தான் வர வேண்டும். கம்பி வலையும் கொசு வலையும் எஸ்டிமேட்டில் 'அலங்காரம்' என்று வெட்டப்படுகின்றன. அவை இல்லாத சன்னலை இரவில் யாரும் திறப்பதில்லை, அதுவும் தரைத்தளத்தில்.

சுவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேற்குச் சுவருக்கு நிழல் வேண்டும். அங்கே சன்னல் சிறிதாக இருக்க வேண்டும். தெற்கு வெயிலைக் கிடையான சன்ஷேடு மறைக்கும். சாய்ந்து வரும் மாலை வெயிலை மறைக்காது. அதற்குச் செங்குத்துத் தடுப்போ வெளிப்பக்கக் கதவோ வேண்டும். உள்ளே போடும் திரையால், கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூட்டை மறைக்க முடியாது. செங்கல் சுவரானால், செங்கற்களை விளிம்பில் நிறுத்திக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல் கால்வாசி மிச்சமாகும், நடுவே காற்றறையும் கிடைக்கும். ஆனால் அந்தக் கட்டு தெரிந்த கொத்தனார் வேண்டும். குழாய், மின்கம்பி போகும் இடங்களை முன்பே குறித்துக் கட்ட வேண்டும். கட்டிய பிறகு உளியால் காடி வெட்டினால் சுவர் பாழ். எடை குறைந்த, காற்றுக்குமிழ் நிறைந்த கான்கிரீட் கல்லான ஏ.ஏ.சி. கல் வைத்தால் செங்கல்லை நனைப்பது போல அதை ஊற வைக்கக் கூடாது. சிமென்ட் மிகுந்த பூச்சும் கூடாது. பூச்சு விரிவதற்குப் பெரும்பாலும் இவ்விரண்டும்தான் காரணம். கொத்தனார் பயிற்சிக்கு மூன்று நாள் கூலியும் ஒரு மாதிரிச் சுவரும் எஸ்டிமேட்டில் ஓர் உருப்படியாக இருந்தால் பின்னால் வரும் பழுதுபார்ப்புச் செலவு வெகுவாகக் குறையும்.

இதுவரை சொன்னது வீட்டில் குடியிருக்கும்போது செலவாகும் ஆற்றல். வீட்டைக் கட்டும்போதே வெளியேறிவிடும் கரிமத்தைப் பற்றி வீட்டுவசதித் திட்டங்களின் படிவங்களில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருப்பதில்லை. குளிர்சாதனம் இல்லாத எளிய வீட்டில் இதன் பங்கு சிறியதன்று.

சிமென்ட்டின் உயிர்ப்பொருள், சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுப் பெறும் கிளிங்கர். ஒரு டன் கிளிங்கர் உருவாகும்போது ஏறத்தாழ 0.8 முதல் 0.9 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதன்று. சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரியும்போதே கல்லிலிருந்து வெளிவருவது. சூளைக்கு எந்த எரிபொருளைப் போட்டாலும் அந்தப் பங்கு குறையாது. எனவே கிளிங்கரின் அளவைக் குறைப்பதே வழி. நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமென்ட்டும் இரும்பாலைக் கசடு கலந்த சிமென்ட்டும் பல இடங்களில் தாராளமாகக் கிடைக்கின்றன. சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் கேரன் ஸ்க்ரிவனரின் குழுவும் கியூபா, இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து வளர்த்தெடுத்த எல்.சி.3 சிமென்ட்டில் கிளிங்கர் பாதிதான். மீதி, நூற்றுக்கு 30 பங்கு சுட்ட களிமண், 15 பங்கு சுண்ணாம்புக்கல் தூள், 5 பங்கு ஜிப்சம். கிளிங்கருக்குச் சூளை 1,450 பாகை வரை போக வேண்டும். களிமண்ணுக்கு 700 முதல் 850 பாகை போதும். உமிழ்வு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையும்.

விலை ஏறாமலே கிடைக்கும் இந்தக் குறைப்பு களத்தில் தோற்பதற்குக் காரணம் தவணை முறையே. கலப்புச் சிமென்ட் முதல் சில நாட்களில் மெதுவாக இறுகும். சாதாரண சிமென்ட்டுக்கு 7 நாள் நீராற்றினால் போதுமென்றால் இதற்குக் குறைந்தது 10 நாள், வறண்ட வெயிலில் 14 நாள். சென்டரிங் பலகையையும் தாமதமாகவே பிரிக்க வேண்டும். பலகை வாடகை ஒப்பந்ததாரர் தலையில் விழுகிறது. 'கூரை முடிந்தது' என்ற தவணையும் தள்ளிப் போகிறது. ஆகவே அவர் சாதாரண சிமென்ட்டைத்தான் கேட்பார், அல்லது கலப்புச் சிமென்ட்டில் வார்த்துவிட்டு அவசரமாகப் பலகையைப் பிரிப்பார். தளம் தொய்ந்ததும் பழி சிமென்ட்டின் மேல். இதற்குத் தேவை பெரிய மானியம் அன்று. கூடுதல் நாட்களுக்கான பலகை வாடகையையும் தண்ணீரையும் தனி உருப்படியாகக் கொடுப்பதும், கூரைத் தவணையில் பாதியைக் கான்கிரீட் வார்த்த அன்றே விடுவிப்பதும் போதும்.

தூண் இடைவெளியை நான்கு முக்கிய முடிவுகளில் ஒன்றாகச் சொன்னதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. நாலரை மீட்டர் இடைவெளிக்கு 15 சென்டிமீட்டர் தளம் போடுகிற இடத்தில், அறைகளை மூன்றரை மீட்டருக்குள் அமைத்தால் 12 சென்டிமீட்டரே பெரும்பாலும் போதுமானதாகும். கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டு உறுதி செய்ய வேண்டும். 40 சதுர மீட்டர் வீட்டில் அந்த 3 சென்டிமீட்டர் 1.2 கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு 320 கிலோ சிமென்ட் என்றால் ஏழெட்டு மூட்டை. 200 வீடுகள் கொண்ட குடியிருப்பில் 1,500 மூட்டை, அதோடு கம்பி, அதோடு தூணுக்கும் அஸ்திவாரத்துக்கும் குறையும் பாரம். வரைபடத்தில் கோடுகளை நகர்த்தியதற்குக் கிடைத்த பலன் இது. பசுமைப் பொருள் என்று எதையும் புதிதாக வாங்கவில்லை.

கருவிகள் இதற்குப் பின்னால்தான். சாதாரண மின்விசிறி 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. விசிறி 30 வாட். மூன்று விசிறிகள் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 1.6 யூனிட் மிச்சம். நல்ல வெயிலுள்ள இடத்தில் 1 கிலோவாட் சூரியத் தகடு நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அப்படியானால் விசிறியை மாற்றுவது 400 வாட் தகட்டுக்குச் சமம். விசிறி இரவிலும் மிச்சப்படுத்தும். தகடு இரவில் உறங்கும். எல்லா நிதித் திட்டங்களும் தகட்டை விரும்புவதற்குக் காரணம், அதை எண்ணலாம், புகைப்படம் எடுக்கலாம். தகடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தேவையைக் குறைத்த பிறகு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போடுங்கள் என்கிறோம். அடுக்குமாடியில் தகட்டின் மின்சாரம் பொது மீட்டருக்குப் போகுமா, வீட்டு மீட்டர்களுக்குப் பங்காகப் போகுமா என்பதை எழுத்தில் முடிவு செய்யாமல் மாட்டினால், பொது விளக்கும் தண்ணீர் மோட்டாரும் மட்டுமே பலன் பெறும். வீட்டுக் கட்டணம் குறையாது.

கடன் பக்கத்தில் ஒரு சிறு கணக்கு. 20 ஆண்டுக் கடனுக்கு வட்டி 9 சதவீதம் என்றால் ஒவ்வொரு 100-க்கும் மாதத் தவணை சுமார் 0.90. வட்டி 8 சதவீதமானால் அது 0.84. அதாவது வட்டியில் ஒரு சதவீதம் குறைந்தால், மாதத் தவணையை ஒரு காசுகூட ஏற்றாமல் வீட்டின் விலை 7 சதவீதம் வரை கூடலாம். மேலே சொன்ன கூரைத் தடுப்பு, சன்னல் நிழல், நல்ல விசிறி ஆகியவை முன்கூட்டியே திட்டமிடப்பட்டால் இந்த வரம்புக்குள் அடக்க முடிகிறவையே. மொத்தமாக ஒரு தொகையை மானியமாகக் கொடுப்பதைவிட வட்டியைக் குறைப்பது பல திட்டங்களுக்கு நீண்ட காலம் கைகொடுக்கும். ஆனால் வங்கிக் கடனே கிடைக்காத, வருமானச் சான்று இல்லாத குடும்பங்களுக்கு வட்டி மானியத்தால் ஒரு பயனும் இல்லை. அவர்களுக்கு மானியமும் கடன் உத்தரவாதமும்தான் வழி. இரண்டு குழுவையும் ஒரே திட்டத்தில் போட்டால் பணம் முதல் குழுவோடு தீர்ந்துவிடும்.

வாடகை வீடுகளில் சிக்கல் வேறு. கூரைக்குச் செலவழிப்பவர் உரிமையாளர். மின்கட்டணம் குறைவது குடியிருப்பவருக்கு. உரிமையாளர் ஏன் செலவழிப்பார்? எளியோருக்கான வாடகை வீடுகளுக்கு அமெரிக்காவில் 1986-இல் தொடங்கிய குறைந்த வருவாய் வீட்டு வரிச்சலுகை இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அங்கே வாடகை உச்சவரம்புக்குள் குடியிருப்பவர் கட்டும் மின்கட்டணத்தின் மதிப்பீடும் அடங்கும். அந்தக் கட்டடத்துக்கென்றே கணக்கிட்டு மதிப்பீடு குறைவு என்று நிறுவினால், அந்த அளவுக்கு வாடகையை உயர்த்திக் கடனைக் கட்டலாம். குடும்பத்தின் மொத்தச் செலவு ஏறாது. இதில் ஆபத்தும் உண்டு. கணக்கு மிகையான நம்பிக்கையில் போடப்பட்டால் கூடுதல் வாடகையையும் குறையாத மின்கட்டணத்தையும் குடும்பமே சுமக்கும். இரண்டாம் ஆண்டில் உண்மையான பில்களோடு ஒப்பிட்டுத் திருத்தும் விதி இல்லாமல் இம்முறையை எங்கும் கொண்டுவரக் கூடாது.

கட்டாயப்படுத்தாமல் போட்டியின் மூலம் தரத்தை உயர்த்திய முன்மாதிரிகளும் இருக்கின்றன. ஆஸ்திரியாவின் வியன்னா நகரம் 1995 முதல் மானிய வீடுகளுக்கான நிலத்தைப் போட்டி வைத்து ஒதுக்குகிறது. விலை மட்டும் பார்ப்பதில்லை. கட்டட வடிவமும் சுற்றுச்சூழலும் சமூகப் பயனும் சேர்த்து மதிப்பிடப்படுகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில வீட்டுவசதி நிதி நிறுவனம், மேற்சொன்ன வரிச்சலுகைப் பங்கீட்டில், சூடாக்கவும் குளிர்விக்கவும் மிகக் குறைந்த ஆற்றலே தேவைப்படும் பாசிவ் ஹவுஸ் தரத்துக்குக் கூடுதல் மதிப்பெண் வைத்தது. அந்த மதிப்பெண்ணுக்காகவே கட்டுநர்கள் அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொண்டார்கள். அந்தத் தரம் 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கட்டிய வீட்டிலிருந்து பிறந்தது, குளிர்நாட்டுக்கானது. வெப்ப நாட்டில் அதை அப்படியே படியெடுக்க வேண்டாம். மதிப்பெண் முறையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி பழைய வீடுகளைச் சீரமைக்கக் கொடுக்கும் கடனில் இன்னொரு வழி இருக்கிறது. வேலை முடிந்து, குறித்த தரம் எட்டப்பட்டதென்று வல்லுநர் சான்று கொடுத்தால் கடனில் ஒரு பகுதி தள்ளுபடியாகும். தரம் உயர உயரத் தள்ளுபடியும் உயரும். பணத்தை முன்னால் கொடுத்துவிட்டுப் பின்னால் கெஞ்சுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி.யின் எட்ஜ் பலருக்கும் தெரிந்தது. அந்த ஊர் வழக்கமான கட்டடத்தோடு ஒப்பிட்டு எரிசக்தியிலும் தண்ணீரிலும் பொருட்களைத் தயாரிப்பதில் ஏற்பட்ட ஆற்றல் அல்லது கரிமச் சுமையிலும் 20 சதவீதம் குறைய வேண்டும். வடிவமைப்பு முடிந்ததும் முதற்கட்டச் சான்று, கட்டி முடித்ததும் தணிக்கை. கடன் கொடுப்போருக்குப் பொதுவான அளவுகோலாக இது நல்லது. ஆனால் அது கணக்கிட்ட மதிப்பு. அளந்த மதிப்பு அன்று.

அளப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. சிறிய வெப்பப் பதிவுக் கருவிகளை, பத்தில் ஒரு வீட்டில், அதிலும் மேல்தள மேற்கு மூலை வீடு கட்டாயம் அடங்கும்படி, கோடையின் உச்சத்தில் மூன்று வாரம் வைத்தால் போதும். உள்சுவரில், ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், வெயிலும் குளிர்பெட்டியும் படாத இடத்தில், 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு. நிழலில் வெளியே ஒன்று. கூரையின் அடிப்பரப்பிலும் ஒன்றை ஒட்ட வேண்டும். காற்றின் வெப்பத்தை மட்டும் அளந்தால் கூரையிலிருந்து இறங்கும் கதிர்ச்சூடு கணக்கில் வராது. வீட்டார் 'கொதிக்கிறது' என்பார்கள், அறிக்கை 'சரி' என்று சொல்லும். கடைசித் தவணையில் ஒரு பகுதியை, பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம், இந்த அளவீடு வரும்வரை நிறுத்தி வைத்தால் களத்தில் வடிகுழாய் மட்டம் முதல் பலகை மூட்டு வரை எல்லாம் தானாகக் கவனிக்கப்படும். நிறுத்தி வைக்கும் பணம் ஒப்பந்ததாரரை நசுக்கக் கூடாது என்பதால் ஒரு கோடைக்கு மேல் தள்ளக் கூடாது.

விண்ணப்பம் தயாரிப்போர் கவனத்துக்குச் சில. அளவுப்பட்டியலும் வரைபடமும் ஒத்துப்போகாததே திருப்பியனுப்பப்படுவதற்கு அடிக்கடி காரணமாகிறது. கூரையின் குறுக்குவெட்டு வரைபடத்தில் ஒவ்வொரு அடுக்கின் தடிமனும் எழுதியிருக்க வேண்டும். பொருளை நிறுவனப் பெயரால் குறிக்காமல் சோதனை மதிப்பால் குறியுங்கள்: பலகைக்கு வெப்பக் கடத்தல், அழுத்த வலிமை, நீர் உறிஞ்சும் அளவு, பூச்சுக்குப் புதிய நிலையிலும் மூன்றாண்டுக்குப் பிறகும் உள்ள ஒளி திருப்பும் அளவு. பெயரை மட்டும் எழுதினால் 'சமமானது' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எதையும் இறக்கிவிடலாம். எதிர்பாராச் செலவுக்கு 5 சதவீதமாவது ஒதுக்குங்கள். பூஜ்யம் எழுதினால் வெட்டு விழுவது கூரைத் தடுப்பின் மேல்தான். இருபது முப்பது வீடுகள் கொண்ட சிறு திட்டங்கள் தனித்தனியே போனால் சான்றிதழ்க் கட்டணமும் சட்டச் செலவும் வீட்டுக்கு வீடு ஏறிவிடும். ஒரே வரைபட விவரங்களையும் ஒரே ஒப்பந்தப் படிவத்தையும் வைத்துக்கொண்டு ஐந்தாறு வீட்டுவசதிச் சங்கங்கள் சேர்ந்து ஒரே கடனாகக் கேட்பது நல்லது.

கடைசியாக, கட்டி முடித்த பின்னான பணம். வெண்பூச்சைச் சில ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், சூரியத் தகட்டின் இன்வெர்ட்டரைப் பத்தாண்டு வாக்கில் மாற்ற வேண்டியிருக்கும், தண்ணீர் மோட்டார் அதற்கும் முன்பே தேய்ந்து மின்சாரத்தை விழுங்கத் தொடங்கும். இவற்றுக்கான வைப்புத்தொகையை மாதப் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து சேர்க்கச் சொல்வது எளிய குடும்பங்களிடம் நடப்பதில்லை. வேலை போன மாதத்தில் முதலில் நிற்பது அந்தக் கட்டணம்தான். திட்டச் செலவிலேயே ஒரு பங்கைப் பிரித்துக் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் தனிக்கணக்கில் போட்டு, மேற்சொன்ன மூன்று வேலைகளுக்கு மட்டுமே எடுக்கலாம் என்று கடன் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். இப்போதுள்ள பல விண்ணப்பப் படிவங்களில் இந்தத் தொகையை எழுத ஓர் இடம்கூட இல்லை. நிதி நிறுவனங்கள் அடுத்த முறை படிவம் அச்சிடும்போது, முன்தயாரிப்புச் செலவுக்கு முதல் பக்கத்தில் ஒரு வரியும் இந்த வைப்புத்தொகைக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியும் சேர்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கட்டட வடிவமைப்பு, வீட்டுவசதி நிதித் துறைகளில் பணிபுரியும் வாசகர்கள்